ஐந்தாவது மணி வரை

ஜப்பானில், கோனே தீவின் சிப்பி வளர்ப்போர் சங்கத்தில் தொலைபேசி இரண்டாம் முறை மணியடித்து யாரும் கேட்டதில்லை. முதல் மணி அடித்து முடிவதற்குள் குராமோத்தோ அம்மாள் எடுத்துவிடுவாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாலும் சரி, சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, கை மட்டும் தனியாகக் கிளம்பிப் போய் எடுக்கும். "வணக்கம், எப்பவும் உங்க ஆதரவுக்கு நன்றி, கோனே சிப்பிச் சங்கம்" என்று ஒரே மூச்சில் சொல்வாள். சொல்லும்போதே தலை குனியும், எதிரே சுவர்தான் இருந்தாலும். மூன்று முறை மணியடித்த பிறகு எடுத்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்று பதினெட்டு வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐம்பத்தொரு வயதுவரை அந்த மன்னிப்பை அவள் கேட்க நேரவில்லை. கூப்பிட்டவர்தான் முதலில் வைக்க வேண்டும், எடுத்தவர் வைக்கக் கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். அதிலும் அவள் தவறியதில்லை. இவ்வளவு நல்ல பழக்கங்கள் ஒரு கணிப்பொறியின் பிழைப்பைக் கெடுக்கும் என்று யார் கண்டது?

தினமும் பிற்பகல் மூன்றரைக்கு எதிர்க்கரையிலிருந்து ஓர் அழைப்பு வரும். கடல்நீர் ஆய்வு நிலையத்து முனேகாதா. காலையில் படகுக்காரர்கள் ஆறு இடங்களில் அளந்து எழுதிக் கொடுத்த நீரின் சூட்டையும் உப்பையும் அம்மாள் வாசிப்பாள். "கிழக்கு முனை, மேல்நீர், இருபத்தொண்ணு புள்ளி மூணு" என்பாள். "இருபத்தொண்ணு புள்ளி மூணு" என்று அவர் திருப்பிச் சொல்வார். எண்கள் முடிந்ததும் இரண்டு நிமிடம் வேறு பேச்சு. அவர் வீட்டுக் கத்தரிச்செடியில் பூச்சி, இவள் வீட்டு ஓட்டில் ஒழுக்கு, இப்படி. பதினான்கு வருடமாக இது நடக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

காதல் கீதல் என்று யாரும் கற்பனையைக் கிளப்ப வேண்டாம். அப்படியே இருந்தாலும் அதில் நமக்கென்ன நஷ்டம்? அம்மாளின் கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. ஒசாகாவில் இருக்கும் மகள் புத்தாண்டுக்கும் ஆகஸ்டுக்கும் வருவாள். போன குளிர்காலத்தில் ஒரு நாள், முதல் எண்ணை வாசித்ததுமே முனேகாதா நிறுத்தினார். "தொண்டை கட்டியிருக்கே. இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்க" என்றார். அன்று காலையிலிருந்து அவள் பதினேழு பேரிடம் பேசியிருந்தாள். ஒருத்தருக்கும் அது காதில் விழவில்லை. அந்த இரண்டு நிமிடம் அவளுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

1995 ஜூன் தொடக்கத்தில், மழைக்காலம் பிறக்கும் முன், கடலில் ஆறு மஞ்சள் மிதவைகள் மிதக்கவிடப்பட்டன. அவையே நீரை அளந்து, வானொலி வழியாகச் சங்கத்துக்கு எண்களை அனுப்பும். எண்களை வாங்கி வைத்துக்கொள்ள அம்மாளின் மேசைக்கு அடியில் ஒரு சர்வர் வந்தது. அதன் தலையில் சிவப்பு விளக்குகளோடு ஒரு மோடம். எல்லாவற்றையும் பொருத்த வந்தவன் ஒச்சியாய், முப்பது வயது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவன்.

"லைன் ஒண்ணுதானா, தலைவரே?" என்று கேட்டான்.

"ஒண்ணுதான்" என்றார் சங்கத் தலைவர் இசாக்கா. "ரெண்டாவதுக்கு எழுதிப் போட்டிருக்கு. அடுத்த ஏப்ரல்ல வரும். இல்லேன்னா அதுக்கடுத்த ஏப்ரல்ல வரும். அவசரமா என்ன?"

"அப்ப உங்க போனும் மோடமும் ஒரே லைன்லதான் குடித்தனம் பண்ணணும். மோடத்துக்குள்ள எஸ்-பூஜ்யம்னு ஒரு இடம் இருக்கு. அதுல பூஜ்யம் போட்டா அது போனை எடுக்கவே எடுக்காது. ஒண்ணு போட்டா முதல் ரிங்லயே எடுத்துடும். நான் நாலு போடுறேன். அதுக்குள்ள மனுஷங்க எடுத்தா மனுஷங்களுக்கு. எடுக்கலேன்னா, நாலாவது ரிங்ல அது எடுத்துக்கும்."

தலைவர் முகம் சுருங்கியது. "படகு வச்சுப் பிழைக்கிற இடத்துல நாலுன்னு வாயத் திறக்காதேப்பா. நம்ம பாஷையில ரெண்டும் 'ஷி'தானே, சாவுன்னு சொல்றாப்லயே கேக்குது. அஞ்சு போடு."

"அது வெறும் எண்ணு, தலைவரே."

"வெறும் எண்ணுதானே? அப்ப அஞ்சு போடுறதுல உனக்கென்ன வலிக்குது?"

ஒச்சியாய் ஐந்து போட்டான். மின்சாரம் போய் வந்தாலும் மறக்காதபடி அதை மோடத்துக்குள்ளேயே பதித்தான். திரையில் 'ஓகே' என்று வந்தது. பிறகு அம்மாளிடம் திரும்பி, "தினம் மூணரைக்கு நிலையத்துக் கணிப்பொறியே கூப்பிடும், குராமோத்தோ சான். அரைகுறையாப் போச்சுன்னா நாலு மணி வரைக்கும் மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பாக்கும். அந்த அரைமணி நேரம் நீங்க போனைத் தொடாம இருந்தாப் போதும். ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருங்க" என்றான்.

"முனேகாதா சான்?"

"அவரு இனிமே கூப்பிடவே வேண்டாமே! அவருக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் மிச்சம்."

நல்லது சொன்னதாகவே அவன் நினைத்தான். அம்மாள் "அப்படிங்களா, ரொம்ப வசதி" என்றாள்.

மறுநாள் மூன்றரைக்கு மணியடித்தது. அந்த நேரத்தில் தலைவர் படகுத்துறையில் இருப்பார், அலுவலகத்தில் அம்மாள் மட்டும். சும்மா இருக்க வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தபோது, ரிசீவர் ஏற்கெனவே காதில் இருந்தது. வணக்கமும் சொல்லியாகிவிட்டது.

"பீப்" என்றது எதிர்முனை. கொஞ்சம் விட்டு மறுபடியும் "பீப்".

வைத்துவிடலாம்தான். ஆனால் கூப்பிட்டது அது. அது வைக்காமல் இவள் எப்படி வைப்பாள்? ஆகவே நின்றாள். "சரிங்க" என்றாள். "ஆமாங்க" என்றாள். பேசுகிறவர் பேசும்போது இடையிடையே அப்படிச் சொல்வதுதானே மரியாதை. ஐம்பது நொடி கழித்து அதுவே சலித்துப்போய் வைத்தது. மறுபடி கூப்பிட்டது. மறுபடி எடுத்தாள். மூன்று முறை இப்படி. மூன்றே முக்காலுக்கு வந்த நான்காவது அழைப்பில் முனேகாதாவின் குரல் கேட்டது.

"இன்னைக்கு மெஷினுக்கு மனசு சரியில்ல போல, குராமோத்தோ சான். பழையபடி வாசிச்சிடுறீங்களா?"

வாசித்தாள். முடிந்ததும் இரண்டு நிமிடம் லொக்காட் பழத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த வருடம் பழம் சிறிசு, ஆனால் இனிப்பு அதிகம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் அவள் ஏப்ரன் துணியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது மணியில் கை பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது மணிவரை தாங்கினாள். அதற்கு மேல் ஒருவரைக் காக்க வைப்பதை உடம்பு பொறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் மெஷின் தோற்றது, ஒவ்வொரு நாளும் முனேகாதா கூப்பிட்டார். எல்லாம் பழக்கத்தால் வந்த கோளாறு என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது வாரத்தில் அந்தச் சமாதானம் அவளிடமே எடுபடவில்லை. மூன்று இருபதுக்கே கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொள்கிற ஆள், கை தானாகப் போகிறது என்று சொன்னால் யார் நம்புவது?

ஒச்சியாய் படகேறி வந்து கம்பியை மாற்றினான். நான்கு நாள் கழித்து மறுபடி வந்து மோடத்தையே மாற்றினான். இரண்டு முறையும் பகல் பன்னிரண்டரைக்குத் துறைமுகத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து சோதித்துப் பார்த்தான். அந்த நேரத்தில் அம்மாள் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பாள். தலைவர் இருப்பார், ஆனால் தொலைபேசியை எடுப்பது தலைவருடைய வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஐந்தாவது மணியில் மோடம் சமர்த்தாக எடுத்துக் கிரீச்சிட்டது. "எல்லாம் நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டு, மூன்று பத்துப் படகில் போய்விட்டான். மூன்றரைக்கு எல்லாம் கெட்டுப்போனது. அம்மாள் இரண்டு முறையும் அவனுக்குக் குளிர்ந்த பார்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது முறை, ஒரு வியாழக்கிழமை, அவன் வந்தபோது முகம் வீங்கியிருந்தது. பெட்டியின் மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். அம்மாள் வைத்த சோற்றுருண்டைகளைத் தொடவில்லை.

"சாப்பிட்டுட்டு பாக்கக் கூடாதா?" என்றாள்.

"இறங்காதுங்க. இன்னைக்கும் நடக்கலேன்னா எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னு நிலையத்துலேருந்து எங்க கம்பெனிக்குக் கடுதாசி போயிருக்கு. நான் தனியா ஏத்துக்கிட்ட முதல் வேலை இது. ஆபீஸ்ல என்னைப் பார்த்தாலே 'பீப்'ங்கிறாங்க." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. எழுந்து நின்று, இடுப்பு மடிய அவள் முன் குனிந்தான். "மூணு தடவை உங்க வேலையைக் கெடுத்துட்டேன், குராமோத்தோ சான். என் கைத்திறமை போதல. மன்னிச்சிடுங்க."

அம்மாளால் அந்தக் குனிந்த தலையைப் பார்க்க முடியவில்லை. தன் இரண்டு நிமிடத்துக்காக ஒரு மனுஷன் சோறு இறங்காமல் நிற்கிறான். இனிமேலும் பேசாமல் இருந்தால், அதற்குப் பழக்கம் என்று பெயரில்லை. அது அவளுக்கே தெரிந்தது. சொல்லிவிட்டால் மெஷின் ஜெயிக்கும், முனேகாதா கூப்பிட ஒரு காரணமும் மிஞ்சாது. அதுவும் தெரிந்தது.

"நான்தான் எடுக்கிறேன்" என்றாள்.

"எதைங்க?"

"போனை. மூணரைக்கு. தினமும்."

அவன் மெதுவாக நிமிர்ந்தான். "எடுத்து?"

"வணக்கம் சொல்லுவேன்."

"மோடத்துக்கா?"

"அது ஏதோ சொல்லும். வைக்கிற வரைக்கும் நிப்பேன்."

"நீங்க வச்சிருக்கலாமே!"

"கூப்பிட்டது அதுதானே?" என்றாள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

ஒச்சியாய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ ஒரு சோற்றுருண்டையை எடுத்து, மூன்றே வாயில் தீர்த்துவிட்டு, "கம்பி நல்லாத்தான் இருந்திருக்கு" என்றான், பரீட்சையில் தேறியவனைப் போல.

சாப்பாட்டுத் தூக்கம் கலைந்து வந்த தலைவருக்கு விஷயம் தெரிந்ததும் அலுவலகமே அதிர்ந்தது. "மூணு வாரமா வெட்டுக்கிளிகிட்ட குசலம் விசாரிச்சிருக்கீங்களா! அதுக்கு வீடு வாசல், பிள்ளை குட்டியெல்லாம் சௌக்கியமாமா?" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு யோசனை சொன்னார். "ஒண்ணு போட்டுடுப்பா. இவங்க கை போறதுக்குள்ள மெஷின் எடுத்துடும்."

ஒன்று போட்டார்கள். பத்து நிமிடத்தில் மணியடித்தது, மோடம் பாய்ந்து எடுத்துக் கிரீச்சிட்டது. மறுபடி மணி, மறுபடி கிரீச். கால்மணி நேரத்தில் தலைவரின் மனைவி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இங்க எவன் பூனை வாலை மிதிச்சுக்கிட்டிருக்கான்? உங்க தம்பி வந்திருக்கான்னு சொல்லக் கூப்பிட்டா காதுல ஆணி அடிக்குது! நான் கீழ விழுந்து கிடந்தாலும் இப்படித்தான் கத்துவீங்களா?"

தலைவர் உடனே சிறுத்துப்போனார். "அஞ்சே இருக்கட்டும்பா" என்றார். நேரம் பார்த்துத் தானே எண்ணை மாற்றிக்கொள்ளும் வித்தை அந்தப் பெட்டிக்குத் தெரியாது, அதற்கு நிரல் எழுத ஒரு மாதம் பிடிக்கும் என்றான் ஒச்சியாய். ஆக, மிச்சமிருந்தது அம்மாளின் கைகள்தான்.

"உங்களால முடியுமா?" என்று கேட்டான். இந்த முறை மூன்று பத்துப் படகை அவன் போகவிட்டான்.

"முடியும்" என்றாள்.

மூன்றரைக்கு அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். முதல் மணி. தோள் துள்ளியது. இரண்டாவது. ஒச்சியாய் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். மூன்றாவது மணிக்கு அவள் கண்ணை மூடினாள், நெற்றியில் வேர்த்தது. நான்காவது மணி மற்றவற்றைவிட நீளமாக அடித்ததாக அவள் பிறகு சத்தியம் செய்வாள். ஐந்தாவதில் மேசைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு கிரீச், பிறகு மழை கொட்டுவது போல ஓர் இரைச்சல், பிறகு அமைதி. சிவப்பு விளக்குகள் படபடத்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு இடத்து நீரும் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒச்சியாய் மோடத்தைப் பார்த்துக் கும்பிடாத குறை. அவளுக்கு மூன்று முறை குனிந்தான். கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், இந்த லைனைத் தொடக் கூடாது என்று துறைமுகத்துப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினான். தலைவர் முன்பே படகுத்துறைக்குப் போயிருந்தார்.

அம்மாள் தனியாக இருந்தாள். படகுக்காரர்கள் காலையில் கொடுத்த சீட்டு மேசைமேல் இருந்தது, இனி அதை வாசிக்க வேண்டியதில்லை. மேசை விளிம்பில் இல்லாத தூசியைத் துடைத்தாள். செய்தது சரி என்று நன்றாகத் தெரிந்தது. அப்படியும் அழுகை வந்தது. இந்த வயதில், இரண்டு நிமிடப் பேச்சுக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்றே முக்காலுக்கு மணியடித்தது.

ஏதோ அரைகுறையாகப் போயிருக்கிறது, மெஷின் மறுபடி கூப்பிடுகிறது என்று நினைத்தாள். நான்கு மணிவரை தொடக் கூடாது. கைகளை மறுபடி தொடைக்கு அடியில் செருகினாள். ஐந்து முறையும் மணி அடித்தது. மோடம் எடுத்துக் கிரீச்சிட்டது. அதன் வயிற்றுக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரில், கிரீச்சுக்கு நடுவே, ஓர் ஆண் குரல் கேட்டது.

"மோஷி மோஷி? மோஷி மோஷி? அடடா, நீயா எடுத்தே..."

அம்மாள் ரிசீவரைப் பிடுங்கி எடுத்தாள். "முனேகாதா சான்! வச்சிடாதீங்க! இது கொஞ்ச நேரம் கத்திட்டு அடங்கிடும்!"

"என்னது?"

"அடங்கிடும்னேன்!"

மோடம் மனம் வந்து ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள். 'டக்' என்று அது விலகியதும் லைன் திடீரென்று சுத்தமானது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"இன்னைக்கு எல்லா எண்ணும் வந்துடுச்சு" என்றார் முனேகாதா.

"தெரியும்."

"அதனால கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

"சரிங்க."

"ஒரு தப்பை ஒத்துக்கலாம்னுதான் கூப்பிட்டேன்." தொண்டையைச் செருமினார். "எங்க பக்கத்து மோடத்துலயும் ஸ்பீக்கர் இருக்கு. அது கூப்பிடுறப்ப அந்தப் பக்கம் என்ன கேட்டாலும் என் ரூம் பூராக் கேக்கும். மூணு வாரமா நீங்க அதுக்கு வணக்கம் சொல்றீங்க. 'சரிங்க, ஆமாங்க'ன்னு அதுக்கு ஈடு குடுத்துக்கிட்டு நிக்கிறீங்க."

அம்மாளுக்குக் காது மடல்வரை கொதித்தது. "முதல் நாளேவா?"

"முதல் நாளே."

"அந்த மனுஷன் ஒச்சியாய் மூணு தடவை படகேறி வந்தாரே! சோறு இறங்காம நின்னாரே!"

"அதான் தப்புன்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னவாம்?"

"சொல்லியிருந்தா நீங்க எடுக்கிறதை நிறுத்தியிருப்பீங்களே" என்றார்.

அம்மாள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, சங்கத்துக் குரலை விட்டு, வீட்டுக் குரலில் பேசினாள்.

"நாளைக்குக் காலைல அந்தக் கம்பெனிக்கு நீங்களே போன் பண்ணணும். கம்பியில தப்பில்ல, அந்த மனுஷன் மேல தப்பில்ல, நம்ம ரெண்டு பேர் மேலயும்தான் தப்புன்னு சொல்லணும்."

"சொல்லிடுறேன்."

"உங்க பேரையும் சொல்லணும், என் பேரையும் சொல்லணும்."

"சொல்லிடுறேன், குராமோத்தோ சான். அப்புறம்?"

"அப்புறம் எனக்குப் பண்ணுங்க."